மனத்திடம் பிறவியிலேயே வருவதா, பழகினால் வருமா?

நிழல்மரம் (கேள்வி)

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வலது கையும் காலும் வராது, பேச்சு குழறும். பகலில் ஓர் உதவியாளர் இருக்கிறார். மாலையிலிருந்து விடியும்வரை நான்தான். படுக்கைப் புண் வராமல் இருக்க இரவிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை, மாதக் கடைசியில் தலை நிமிர முடியாது.

அம்மாவைப் பார்த்துக்கொள்வது பெரிய விஷயமில்லை, என்னைத்தான் சமாளிக்க முடியவில்லை. அலுவலகத்தில் போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. எடுத்துப் பார்த்தால் கடன் வேண்டுமா என்று கேட்கும் ஏதோ அழைப்பாக இருக்கும், ஆனால் படபடப்பு அடங்க அரை மணி நேரம் ஆகும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று பல் மருத்துவர் சொன்னார். காலையில் தாடை வலிக்கும்.

பார்க்கிறவர்கள் எல்லாம் "இதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே" என்கிறார்கள். என் பெரியம்மா இதைவிடப் பெரிய கஷ்டத்தைச் சிரித்துக்கொண்டே தாண்டியவர். எனக்கு மட்டும் ஏன் முடியவில்லை? "தியானம் செய்யுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கண்ணை மூடினால் தூங்கிவிடுகிறேன்.

ஒற்றைப்பனை

கண்ணை மூடினதும் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

"மனசில் போட்டுக்கொள்ளாதே" என்ற அறிவுரையைக் காதில் வாங்க வேண்டாம். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். அப்புறம் நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

கஸ்தூரி_செவிலியர்

தங்கச்சி, நான் மனநலப் பிரிவில் வேலை செய்கிறவள். உங்கள் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் ஓர் ஆராய்ச்சிக் கதையில் இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1967-ல் செலிக்மன், மேயர் என்ற இரண்டு பேர் நாய்களுக்கு மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். (இன்றைக்கு யாரும் அனுமதிக்க மாட்டார்கள், படிக்கும்போதே பாவமாக இருக்கும்.) சில நாய்கள் தலையால் ஒரு பலகையைத் தள்ளி அதை நிறுத்த முடிந்தது, சிலவற்றால் என்ன செய்தும் முடியவில்லை. பிறகு தாழ்வான தடுப்பு ஒன்றைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோது, நிறுத்த முடியாமல் தவித்த நாய்களில் பல தாண்டவே முயலாமல் படுத்துவிட்டன. அவை கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று எழுதினார்கள். உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் ஏறியது.

ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், அதே இரண்டு பேர் நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டோம் என்று எழுதினார்கள். மூளைத்தண்டு வரை போய்ப் பார்த்ததில், நீண்ட நேரத் துன்பத்துக்கு ஒடுங்கிப் போவதுதான் இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்று தெரிந்தது. கற்றுக்கொள்வது மற்றது: "இது கொஞ்சம் என் கையில் இருக்கிறது" என்பதை. அதை உணரும்போது முன்மூளை அந்த ஒடுக்கத்தை அமர்த்துகிறது.

அதனால் நீங்கள் உடைந்து போனவர் இல்லை. எதுவுமே உங்கள் கையில் இல்லாத நிலையில் இருக்கிறவர், அவ்வளவுதான். சரி, எதைக் கையில் எடுக்கலாம்? போனை. உதவியாளரின் எண்ணுக்கு மட்டும் தனி மணியோசை வையுங்கள், மற்ற அழைப்புகளுக்கு அதிர்வு போதும். பகலில் இன்ன நேரத்துக்கு நானே கூப்பிடுவேன், அவசரமென்றால் மட்டும் நீங்கள் கூப்பிடுங்கள் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு மெதுவாகும், உடம்பின் அமைப்பே அப்படி.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பே இல்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பழைய_வாத்தியார்

செவிலியர் அம்மா சொன்னது சரிதான். ஆனால் மணியோசையை மாற்றினால் போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுகிறவருக்கு மனப்பயிற்சியைவிட மாற்றாள்தான் முதலில் தேவை.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல ஆபத்துகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தேறினார்கள். பிறவிக் குணமும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் நம்பி நிற்க ஒரு பெரியவராவது இருந்தார், பாட்டியோ ஆசிரியரோ. உங்கள் பெரியம்மா சிரித்துக்கொண்டே தாண்டினார் என்கிறீர்களே, அவர் பின்னால் யார் யார் நின்றார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கூடப்பிறந்தவர்கள் உங்களுக்கு உண்டா?

நிழல்மரம்

எல்லாருக்கும் நன்றி. மணியோசையை மாற்றிவிட்டேன் அக்கா. மத்தியானம் நானே கூப்பிட்டுப் பேசிவிடுவதால் மற்ற அழைப்புகளுக்கு அவ்வளவு பதறவில்லை.

ஐயா, பெரியம்மாவிடம் கேட்டேன். இரண்டு நாத்தனார்கள் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தார்களாம். இதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பக்கத்து ஊரில். வாரத்தில் இரண்டு இரவு வரச் சொன்னேன். சனிக்கிழமைக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறான், புதன்கிழமைக்கு இன்னும் பேரம் நடக்கிறது.