தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாங்க என்றாள்

முதலில் என் முடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுருட்டை. விளம்பரத்தில் வருகிற மாதிரி அலையடிக்கும் சுருட்டை இல்லை. பாகற்கொடி பந்தலைப் பிடிக்க நீட்டும் சுருள் இருக்கிறதே, அந்த மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு திசையில். சின்ன வயதில் அம்மா, தேயிலைத் தோட்டத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்காரவைத்துப் பின்னிவிடுவார். இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்துக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக்கி, உள்ளங்கையில் தேய்த்து, மண்டையோடு ஒட்ட இழுத்து இரண்டு பின்னல். பின்னி முடித்ததும் புருவம் இரண்டும் மேலே ஏறியிருக்கும். அந்த முகத்தோடுதான் பள்ளிக்கூடம் போனேன்.

வளர்ந்த பிறகு சலூன். எங்கே போனாலும் முதல் வேலையாகத் தலையை நனைப்பார்கள். நனைந்துவிட்டால் என் முடி நல்ல பிள்ளையாகிவிடும், நீளமாக, நேராகத் தொங்கும். தோள்வரை போதும் என்பேன், தோள்வரை அளந்து வெட்டுவார்கள். காயக் காய அது சுருண்டு ஏறி, பஸ் தலவாக்கலைக்கு வந்து சேரும்போது காது மட்டத்தில் நிற்கும். வெட்டியவரைக் குறை சொல்லவும் முடியாது. அளந்துதானே வெட்டினார்!

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். சித்தி மகள் கல்யாணத்துக்காகக் கொழும்பில் ஒரு கடையில் ரீபொண்டிங். மருந்து போட்டால் இருக்கிற முடிதான் நேராகும். வேரிலிருந்து வருவது தன் குணத்தோடுதான் வரும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில். ஆறேழு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே விளக்கமாறு. அதை வெட்டி ஒழிக்கவே இரண்டு வருஷம் போனது. நான் படிப்பிக்கும் வகுப்பில் பிள்ளைகள் என்ன பட்டப்பெயர் வைத்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இது 2025இல் நடந்தது. ஹட்டனில் நான் வழக்கமாகப் போகும் சலூனில் இருந்த அக்கா வெளிநாடு போய்விட்டார், புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறது என்றார்கள். போனில் பேசினேன். சுருட்டை முடி என்று சொன்னதுமே, "அக்கா, முந்தின நாளே தலைக்குக் குளிச்சிடுங்க. எண்ணெய் வைக்காதீங்க. பின்னாதீங்க, கொண்டையும் போடாதீங்க. அப்படியே விரிச்சுப் போட்டுக்கிட்டு வாங்க" என்றாள்.

சொல்வது சுலபம். செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட அம்மா விடமாட்டார் என்று சனிக்கிழமையாகப் பார்த்து வைத்திருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "தலைவிரி கோலமா எழவு வீட்டுக்கா போற?" என்றார். பஸ்ஸில் சால்வையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். மல்லியப்பூ சந்தியில் வெளியே ஒன்றும் தெரியாத பனிமூட்டம். அந்த ஈரத்துக்கு முடி இரண்டு மடங்காகப் பூரித்து, ஹட்டனில் இறங்கும்போது சால்வைக்குள் அடங்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். கத்தரிக்கோலையும் எடுக்கவில்லை. நாற்காலியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள், பின்மண்டையில் விரலை விட்டுத் துழாவினாள். "டீச்சருக்கு ரெட்டைச் சுழி. இங்க ரெண்டும் எதிரும் புதிருமா சுத்துது. இந்த இடத்தைக் கட்டையா வெட்டினா எழும்பி நிக்கும்" என்றாள். (எனக்கு ரெட்டைச் சுழி என்று 34 வயதில்தான் தெரியும். அண்ணனுக்கு இருந்திருந்தால், அவனுக்கு இரண்டு கல்யாணம் என்று ஊரே சொல்லியிருக்கும்.) அப்புறம் கேள்விகள். பள்ளிக்கூடத்துக்குச் சேலையா? கொண்டை போடணுமா? ஹெல்மெட் போடுவீங்களா? காலையில் தலைக்கு எத்தனை நிமிஷம்? நான் ஐந்து என்றேன். "பொய் சொல்லாதீங்க" என்றாள். மூன்று என்றேன்.

தண்ணீரே தொடாமல் வெட்டினாள். ஒவ்வொரு சுருளாக எடுத்து, இழுக்காமல், அது எங்கே தொங்குகிறதோ அங்கேயே நுனியில் ஒரு நறுக்கு. விட்டுவிட்டு, அது துள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பாள். பிறகு பக்கத்துச் சுருள். சுழி இருந்த இடத்தில் மட்டும் ஒரு விரல்கடை நீளம் கூட விட்டாள். ஒன்றரை மணி நேரம். எனக்கு இடையில் தூக்கமே வந்துவிட்டது. கடைசியில் என் ரப்பர் வளையத்தைக் கேட்டு வாங்கி, மொத்த முடியும் அதற்குள் அடங்குகிறதா என்று கட்டிப் பார்த்துவிட்டு அவிழ்த்துவிட்டாள். திங்கட்கிழமைக் கொண்டையைச் சனிக்கிழமையே யோசித்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

1500 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1350. அதனால் அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கவ்வாத்து வெட்டுன மலையாட்டம் வருவேன்னு நெனைச்சேன். இது மட்டம் பார்த்துக் கொழுந்து எடுத்த மாதிரில இருக்கு" என்றார். (கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை ஒட்ட வெட்டிவிடுவது.) முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சான்றிதழ் வராது. குளித்துக் காய்ந்த பிறகும் அதே இடத்தில்தான் நின்றது, தோளில்.

உங்களுக்கும் இப்படி யாராவது அமைந்தார்களா? எழுதுங்கள்.

பண்டாரவளையிலிருந்து

நமக்கு இவ்வளவு பெரிய கதை இல்லை அக்கா. சின்ன வயதில் அப்பா எங்கள் மூன்று பேரையும் ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கூட்டிப் போவார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு உட்காரவைத்து, கை மெஷினால் ஒட்ட ஒரு வெட்டு. மூன்று தலையும் ஒரே மாதிரி. அந்த மெஷின் பாதி முடியை வெட்டும், பாதியைப் பிடுங்கும்.

போன பொங்கலுக்கு முந்தின நாள், கடையில் ஒரு புதுப் பையன். பாதி வெட்டும்போது, "அண்ணே, கண்ணாடி போடுவீங்கதானே? போட்டுக் காட்டுங்க" என்றான். போட்டேன். கண்ணாடிக் கம்பி காதுக்கு மேல் படுகிற இடத்தில் முடி பிதுங்குவதைப் பார்த்து, அங்கே மட்டும் சன்னமாக எடுத்தான். இருபது வருஷமாகக் கண்ணாடி போடுகிறேன், ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது அவன் லீவு என்றால் நானும் திரும்பி வந்துவிடுவேன்.

மஸ்கெலியாவிலிருந்து

அம்மா கொழுந்து எடுத்தவர் என்று எழுதியதால் கேட்கிறேன். என் அம்மாவுக்கு, தலையில் மாட்டிய கொழுந்துக் கூடைக் கயிறு பட்ட இடத்தில், உச்சியில், மூன்று விரல் அகலத்துக்கு முடியே இல்லை. இப்போது வேலைக்குப் போவதில்லை, ஆனாலும் முக்காடு இல்லாமல் வெளியே வரமாட்டார். நுனியெல்லாம் பிளந்து கிடக்கிறது. சலூன் என்றாலே எழுந்து போய்விடுகிறார். அந்தப் பிள்ளை இப்படிப்பட்டவர்களுக்கும் வெட்டுமா?

மறுபடியும் நான்

வெட்டும். என் அம்மாவுக்கும் அதே தழும்புதான். முதல் பதிவில் எழுதக் கை வரவில்லை.

ஒரு போயா (பௌர்ணமி) லீவில் கூட்டிப் போனேன். கொண்டையை அவிழ்த்ததும் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "கயிறா அம்மா? எங்க அப்பாயிக்கும் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். அம்மாவின் தோள் இறங்கியதைக் கண்ணாடியில் பார்த்தேன். இழுத்து இழுத்து முடி போன இடம், ஆரம்பத்திலேயே விட்டிருந்தால் திரும்ப முளைத்திருக்குமாம். இத்தனை வருஷம் ஆனபின் முளைக்காது என்று பொய்யில்லாமல் சொன்னாள். மருந்து எண்ணெய் எதையும் விற்கப் பார்க்கவில்லை. நடு வகிட்டைப் பக்கத்துக்கு மாற்றினாள், நுனியில் இரண்டு அங்குலம் எடுத்தாள், கொண்டையைப் பிடரியில் தளர்வாகப் போடச் சொல்லிக் கொடுத்தாள். பின்பக்கம் காட்ட இன்னொரு கண்ணாடியைப் பிடித்தபோது அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டார். தன் பின்தலையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "இம்புட்டு வெள்ளையாயிருச்சா" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டமாக இருக்கும். கிழமை நாளில் காலை பத்து மணி போல் போங்கள். முக்காட்டை எடுக்கச் சொல்லி வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவரே எடுப்பார்.