சிஎல்டி பலகைக்குப் பாலியூரித்தேன் பசையா, மெலமைன் பசையா?

கேள்வி:
சிஎல்டி எனப்படும், மர அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டும் குறுக்கடுக்கு மரப்பலகைத் தயாரிப்புக்கு ஒற்றைக்கூறு பாலியூரித்தேன், மெலமைன் யூரியா ஃபார்மால்டிஹைடு ஆகிய இரு பசைகளையும் ஒப்பிட்டு வருகிறேன். ஒட்டு வலிமையில் இரண்டும் போதுமானவை என்றால், முடிவை எதன் அடிப்படையில் எடுக்க வேண்டும்?

பதில் 1:
தீயில் பசை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையே முதலில் பாருங்கள். கரியாகிய மேலடுக்கு பிடித்திருக்கும் வரை உள்ளிருக்கும் மரத்துக்கு அதுவே காப்பு. வெப்பத்தில் பசை இளகி அவ்வடுக்கு உதிர்ந்தால், இன்னும் எரிந்திராத மரம் வெளிப்பட்டு, தணிந்துவந்த தீ மீண்டும் மூளக்கூடும். இதனால்தான் சிஎல்டிக்கான வட அமெரிக்கத் தரநிலையான பிஆர்ஜி 320, தன் 2018 பதிப்பில் பசைகளுக்குக் கடுமையான தீச்சோதனையைக் கட்டாயமாக்கியது. இவ்வாறு இளகாமல் வெப்பம் தாங்குமாறு மேம்படுத்தப்பட்ட பாலியூரித்தேன் வகைகளும் இப்போது உள்ளன. எனவே பசைக் குடும்பத்தின் பெயரை நம்பாமல், நீங்கள் வாங்கவிருக்கும் பசைக்கே உரிய சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

பதில் 2:
ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் மரத்திலுள்ள ஈரத்தைக் கொண்டே இறுகுவதால், மிகவும் உலர்ந்த பலகையில் அது தடுமாறும். 12 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் பொருத்தமானது. மெலமைன் பசைக்குத் அதை இறுகச் செய்யும் தனிக் கடினமாக்கி வேண்டும், ஃபார்மால்டிஹைடு வெளியேற்றத்தையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
வன்மரப் பலகைகளையும் ஒட்டத் திட்டமிட்டுள்ளோம். அதற்குத் தனி ஏற்பாடு தேவையா?

பதில் 2:
பாலியூரித்தேன் என்றால், பல வன்மரங்களுக்கு பசைக்கு முன் பூசும் முன்பூச்சு இல்லாவிட்டால், ஈரமாகி உலரும் சுழற்சியில் ஒட்டிய அடுக்குகள் பிரியக்கூடும். ஒவ்வொரு மர இனத்தையும் தனித்தனியே சோதியுங்கள்.