சங்கு நண்டுக்கு இரண்டடித் தொட்டி: மணல், உப்புத் தண்ணீர், வெயில் பிரச்சினை

குடந்தைவாசி (கேள்வி)

வணக்கம். 24×12×15 அங்குலத்தில் காலி மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. அதை மூன்று சங்கு நண்டுகளுக்கு (பாடப்புத்தகத்தில் துறவி நண்டு) வீடாக மாற்ற வேண்டும். சங்கு எலுமிச்சை அளவு. இப்போதைக்கு பிளாஸ்டிக் டப்பா, இரண்டு அங்குல மணல், ஒரு மூடியில் தண்ணீர், அவ்வளவுதான். கேட்க வேண்டியவை:

எம்-சாண்ட் போடலாமா? உப்புத் தண்ணீருக்கு வேதாரண்யம் கல்லுப்பைக் கரைத்தால் போதுமா? சித்திரை, வைகாசி வெயிலை எப்படிச் சமாளிப்பது?

கொள்ளிடக்கரை

தொட்டி அப்புறம், முதலில் நண்டு எந்த ரகம் என்று பாருங்கள். வலையில் சங்கோடு ஏறி வந்தது என்றால் அது கடல் நண்டு. ஈர மணலில் எத்தனை வசதி செய்தாலும் பிழைக்காது; பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவதுதான் நல்லது. ராத்திரியில் கரைமேட்டில், ராவணன் மீசைப் புதரடியில் நடமாடுவது நில நண்டு. கண்காம்பு பக்கவாட்டில் தட்டையாக இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்டதும் பெரிய இடது கொடுக்கால் சங்கின் வாயை அடைக்கும். கீழே சொல்வதெல்லாம் நில நண்டுக்கு.

எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல் அது, முனை கூர், தூசும் அதிகம். வளர்வதற்காக மணலில் புதைந்து பழைய ஓட்டைக் கழற்றிய (தோலுரித்த) நண்டின் உடம்பு மெத்தென்று இருக்கும், கீறிவிடும். பூச்சுக்குச் சலித்த ஆற்று மணல் வாங்கி, கலங்கல் போகும்வரை அலசிக் காயவையுங்கள். அதில் 5 பங்குக்குத் தென்னை நார்த்தூள் 1 பங்கு. பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற 650 கிராம் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 8 லிட்டருக்குக் குறையாமல் உப்பும், அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் போதும். உரம் கலந்த நர்சரிக் கலவையை வாங்கிவிடாதீர்கள்.

ஆழம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு என்பது கணக்கு. உங்கள் தொட்டிக்கு அது சுமார் 28 லிட்டர் கலவை. மணல் மட்டுமே 35 கிலோவைத் தாண்டும், ஆகவே பழைய மர ஸ்டூலை நம்ப வேண்டாம்.

ஈரம்: கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. சொட்டினால் அடியில் தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் மணல் கறுத்து, அழுகல் வாடை வரும். புதைந்திருக்கும் நண்டு அங்கேயே போய்விடும்.

வேதை_உப்புக்காற்று

கல்லுப்பு போதாது தம்பி. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது ஜிப்சம் முன்னாலேயே படிந்துவிடும். பிறகு உப்பு விளையும், மெக்னீசியம் எல்லாம் மிச்சமாகும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். வாரி எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். பாக்கெட் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் வேறு. மீன் கடையில் கடல்மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பு வாங்கி லிட்டருக்கு 35 கிராம் கரையுங்கள். நேராகக் கடல்நீர் எடுப்பதானால் துறைமுகத்தையும் ஆற்று முகத்துவாரத்தையும் விட்டுத் தள்ளி எடுக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளநீர் கலந்து உப்பு குறைந்திருக்கும், அப்போது வேண்டாம்.

இரண்டாவது கிண்ணம் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீரென்றால் 'ஆன்டி-குளோரின்' போட்டே ஊற்றுங்கள். இரண்டும் சங்கு முங்கும் ஆழத்துக்கு, ஏறி வரக் கல் அல்லது கொட்டாங்குச்சித் துண்டு வைத்து.

அடப்பங்கொடி

வெயிலைவிட முதலில் மூடியைக் கவனியுங்கள். நண்டுக்குச் செவுள்தான், அது ஈரமாக இருந்தால்தான் மூச்சு. வலை மூடி போட்டால் ஈரம் பறந்துபோய், நண்டு பல நாளாக மெல்ல மூச்சு முட்டிச் சாகும். 'திடீரென்று செத்துவிட்டது' என்று வரும் புலம்பல்களில் பாதி இந்த ரகம். கண்ணாடி மூடி, ஓரத்தில் விரல்கடை இடைவெளி. ஈரப்பதமானி வாங்கி 75 முதல் 85 சதவீதத்துக்குள் வையுங்கள். வெப்பம் 24 முதல் 29 டிகிரி.

கோடையில் தொட்டி மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் இருக்கக் கூடாது. கீழ்த்தளம், தரையோரம், வெயில் படாத மூலை. வெளிப்பக்கக் கண்ணாடியில் நனைத்த சாக்கு. மார்கழி ராத்திரிக்குத் தொட்டியின் பின்புறம் தெர்மோகோல் அட்டை, தேவைப்பட்டால் பக்கவாட்டில் சூட்டுப் பட்டை. அடியில் ஒட்டாதீர்கள், வெக்கைக்குத் தப்பக் கீழே தோண்டுகிற நண்டு அங்கேதான் வேகும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: கொசுவத்தி, லிக்விட், எறும்புச் சாக்பீஸ். பூச்சியைக் கொல்கிற மருந்து நண்டையும் கொல்லும். அந்த அறையில் கொசுவலைதான். எறும்புக்கு ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

தீனிக்குத் தேங்காய்த் துண்டு, முருங்கைக்கீரை, உப்பில்லாத காய்ந்த சென்னாக்கூனி. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு எப்போதும் கிடக்கட்டும்.

குடந்தைவாசி

நன்றி சார். நில ரகம்தான், கண்காம்பு தட்டை. ஒன்று நாலு நாளாக மண்ணுக்குள். தோண்டிப் பார்க்கலாமா? வேளாங்கண்ணிக் கடைச் சங்கு வாங்கிப் போடலாமா?

அடப்பங்கொடி

தோண்டவே வேண்டாம். தோலுரிக்க நாலு முதல் எட்டு வாரம்கூட ஆகும். உரித்த தோலைத் தானே தின்றுதான் மேல் ஓட்டை இறுக்கிக்கொள்ளும். நடுவில் எடுத்தால் செத்துப்போகும். இரண்டங்குல மணலில் முழுக்கப் புதைய முடியாது, அதனால் மற்ற இரண்டையும் மட்டும் புதுத் தொட்டிக்கு மாற்றிவிட்டு டப்பாவை மூடி, ஈரம் காயாமல் இருட்டில் வையுங்கள். அழுகிய மீன் வாடை வந்தால் மட்டும் பாருங்கள்.

சங்கு வாங்கலாம், சாயமோ வார்னிஷோ பூசியதை மட்டும் தொடாதீர்கள். உரிந்த சாயத்தைத் தின்றுவிடும். வாய் வட்டமாக, பெரிய கொடுக்கைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். நண்டுக்கு மூன்று உபரி வீதம் ஒன்பது, கொதிக்கவைத்து ஆறியபின் போடவும். குறைந்தால் ஒன்றையொன்று சங்கிலிருந்து பிடுங்கி இழுக்கும்.

கொள்ளிடக்கரை

வயல் நத்தை ஓட்டை யாராவது சொல்வார்கள். மெலிசு, பூச்சிமருந்து அடித்த வயலென்றால் இன்னும் மோசம். விட்டுவிடுங்கள்.