மேல் கியர் ஏறாத பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸ் கவர்னரில் பார்த்தது என்ன?

ஜெலுத்தோங்காரன்:
டொயோட்டா கொரோலா, மூணு கியர் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஏ131எல். பினாங்குப் பாலத்தில் டி-யில் போகுது, முதல் கியரை விட்டு நகரல. 40 தாண்டினா இன்ஜின் அலறல்தான். முன்னாடி பார்த்தவர் "கிளட்ச் போச்சு, ஹாஃப் கட் (பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுத்த) பாக்ஸ் போடுங்க"ன்னு சொல்லிட்டார். பிரஷர் கேஜ்கூட மாட்டிப் பார்க்கல. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மேல் கியர் விழுந்தா திராட்டில் கேபிள் (ஆக்ஸிலேட்டர் மிதிப்பை பாக்ஸுக்குச் சொல்ற கம்பி) இறுக்கம், கவர்னர் (வண்டி வேகத்துக்கு ஏற்ப எண்ணெய் பிரஷரை ஏத்துற பாகம்) நல்லாத்தான் இருக்கு. எடுத்தும் விழலன்னா கியரை மாத்துற ஷிப்ட் வால்வுக்குக் கவர்னர் பிரஷரே வரல. இந்த வண்டி இரண்டாவது ரகம். முன்சக்கரம் ரெண்டையும் தூக்கி, கவர்னர் போர்ட்டில் கேஜ் மாட்டி, டி-யில் ஓட்டினா முள் அசையவே இல்ல. கழற்றினா வால்வு துளைக்குள்ளேயே கறுப்புப் பிசினோட ஒட்டி நிக்குது. நகத்தால தள்ளினாலும் வரல.

செந்தூல் பாக்ஸ்:
இங்கே நேர் எதிர். பென்ஸ் 124, 722.3 பாக்ஸ். கவர்னர் வால்வு திறந்தபடி சிக்கிருச்சு. வண்டி நிற்கும்போதே பிரஷர். ஜாலான் ஈப்போ சிக்னல்ல பச்சை விழுந்ததும் மூணாவதுல முக்கிக்கிட்டுக் கிளம்புது. ரெண்டாவதுல கிளம்பினா அதைக் குறைன்னு சொல்லாதீங்க, அந்த பாக்ஸ் லேசா மிதிச்சா ரெண்டிலேதான் கிளம்பும். அழுத்தி மிதிச்சாதான் முதல்.

ஏடிஎஃப் மாமா:
ஜெலுத்தோங் தம்பி, லைன் பிரஷர் (பம்ப் கொடுக்கிற முதன்மை எண்ணெய் பிரஷர்) பார்த்தீங்களா? கவர்னருக்குப் போற எண்ணெயே அதிலிருந்துதான். பம்ப் தளர்ந்தா கவர்னரைக் குறை சொல்லிப் பயனில்ல. அது சரியா இருந்தா மட்டும் கவர்னரைக் குறை சொல்லுங்க. கவர்னரைக் கழற்றும்போது திரஸ்ட் வாஷரைத் தொலைக்காதீங்க, எந்தப் பக்கம் இருந்ததுன்னு போட்டோ எடுங்க. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடிச்சு, ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் எண்ணெய்) தடவினா வால்வு தன் எடையிலேயே வழுக்கி இறங்கணும். சாண்ட்பேப்பர் வேண்டாம். வால்வின் விளிம்பு கூர்மையா இருக்கணும், மழுங்கினா எண்ணெய் கசிந்து ஷிப்ட் தாமதமாகும். பஞ்சுத் துணியும் வேண்டாம், ஒரு நூல் உள்ளே போனா திரும்ப ஒட்டிக்கும். கடைசியா பாக்ஸ் அடியில் இருக்கிற எண்ணெய்த் தட்டை (ஆயில் பான்) திறந்து பாருங்க. கிளட்ச் தூள் நிறைய இருந்தா கவர்னர் மட்டும் கழுவி என்ன பிரயோஜனம், அடுத்த மாசம் இதே கதைதான் லா. அந்த ஒரு விஷயத்தில் உங்க முன்னாடி பார்த்தவர் சொன்னதும் சரியாகலாம்.

பாலிக் புலாவ் ரோடு:
மாமா சொன்னதில் கவர்னர் ஸ்பிரிங் பத்தி விட்டுப்போச்சு. சில கடையில் "சீக்கிரம் கியர் விழணும்"னு ஸ்பிரிங்கை வெட்டுறாங்க. கவர்னர் சுழலும்போது அதிலிருக்கிற எடை வெளியே தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 20-லிருந்து 40-க்குப் போனா நாலு மடங்கு. அதனால்தான் கனமான எடை, லேசான எடைன்னு ரெண்டு வச்சிருக்காங்க. குறைந்த வேகத்தில் கனமானது ஸ்பிரிங் வழியா தள்ளும். ஒரு வேகத்துக்கு மேல அது ஸ்டாப்பரில் முட்டி நின்னுடும், அப்புறம் லேசானது மட்டும் வேலை செய்யும். இல்லன்னா கொஞ்ச வேகத்திலேயே பிரஷர் உச்சத்துக்குப் போயிரும், மேல் கியருக்கு வித்தியாசமே தெரியாது. ஸ்பிரிங்கை வெட்டினா 1-லிருந்து 2-க்கு மாறுறது ஒரு மாதிரி, 2-லிருந்து 3-க்கு வேற மாதிரி ஆகிடும்.

கெந்திங் மலை ஏறும்போது 2-க்கும் 3-க்கும் மாறி மாறிக் குதிச்சா கவர்னரைக் கழற்ற வேண்டாம். கியரை இறக்கப் பார்க்கிற திராட்டில் பிரஷரும் ஏத்தப் பார்க்கிற கவர்னர் பிரஷரும் சமமா இழுபறி. லீவரை 2-ல போட்டா நிற்கும்.

ஜெலுத்தோங்காரன்:
லைன் பிரஷர் சரியா இருந்துச்சு மாமா. கேபிளும் பார்த்தாச்சு, முழு திராட்டிலில் ரப்பர் முனைக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி 1 மில்லிமீட்டருக்குள்ள. பான்ல தூள் இருக்கு. இரும்புத் துகளும் மின்னுது.