மகனுக்குப் பேச்சு வரவில்லை, பள்ளியில் சொல்லலாமா?

கேள்வி: சொந்த ஊர் மன்னார்குடி. அமெரிக்காவில் கொலம்பஸ் நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மகனுக்கு நாலரை வயது, இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. பள்ளியில் சொன்னால் சேர்க்க மாட்டார்களோ, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மறைத்துவிடலாமா?

பதில்: தம்பி, மறைக்காதீர்கள். எனக்கு மாயவரம் பக்கம். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். ஊரில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது, "வகுப்பு மாடியில இருக்கு, யாரு தூக்கிட்டுப் போறது?" என்றார்கள். சரி என்று திரும்பிவிட்டோம். அதே பயத்தில் இங்கு வந்தும் ஒரு வருஷம் வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

இந்த நாட்டிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்த ஜூடி ஹியூமனை, தீப்பிடித்தால் ஆபத்து என்று சொல்லி நியூயார்க் பள்ளி சேர்க்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவில்லை என்று பென்சில்வேனியாவில் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1972 இல் தலைநகர் வாஷிங்டனில் நடந்த வழக்கில், பணமில்லை என்று சொல்லிப் பிள்ளையை வெளியே நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. 1975 நவம்பர் 29 அன்று, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இலவசக் கல்வி தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. 1990 இல் அதற்கு ஐடியா (IDEA) என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு முன்பு 1973 இல், அரசுப் பணம் வாங்கும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்று 504 ஆம் சட்டப் பிரிவு வந்தது. அதற்கான விதிகளில் அரசு கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தபோது, 1977 இல் சான்பிரான்சிஸ்கோ அரசு அலுவலகத்துக்குள் மூன்று வாரத்துக்கும் மேல் உட்கார்ந்து போராடியவர்களில் அதே ஜூடியும் முன்னால் நின்றார். உங்கள் பையனுக்குக் கிடைக்கப்போவது அவர்கள் வாங்கிக்கொடுத்தது. அது யாரும் காட்டும் தயவு தாட்சண்யம் இல்லை.

விசா பயம் வேண்டாம். குடியேற்ற நிலையைக் காட்டி அரசுப் பள்ளியில் பிள்ளையை மறுக்கக்கூடாது என்று 1982 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சிறப்புக் கல்வி மூன்று வயதிலிருந்தே உண்டு, கட்டணமும் கிடையாது.

செய்ய வேண்டியது, உங்கள் பகுதி பள்ளி மாவட்டத்துக்கு (அங்குள்ள அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள்: "என் மகனுக்குச் சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும்." வாய்ப்பேச்சு போதாது. எங்கள் வயல் கடைமடை; முறை வைத்துத் தண்ணீர் விட்டாலும் அப்பா மண்வெட்டியோடு மதகில் போய் நின்றால்தான் வரும். இதுவும் அப்படித்தான். மறுத்தால் காரணத்தை அவர்கள் எழுத்தில் தர வேண்டும். ஒத்துக்கொண்டு, நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். மாநிலம் தனிக்கெடு வைத்திருந்தால் அந்தக் கெடு. தகுதி உண்டு என்றால் ஐ.இ.பி. கூட்டம், அதாவது உங்கள் பையனுக்கென்று தனிக் கல்வித் திட்டம் போடும் கூட்டம், நடக்கும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துவந்து நிதானமாகப் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு.

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பேச்சு வரவில்லை என்கிறார்கள். நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதில்லை. அதோடு, மதிப்பீட்டை முடிந்தவரை பிள்ளையின் தாய்மொழியிலும் செய்ய வேண்டும், ஆங்கிலம் தெரியாததைக் குறைபாடாகக் கணக்கிடக்கூடாது என்று அந்த ஐடியா சட்டத்திலேயே இருக்கிறது. வீட்டில் அவன் சொல்லும் தமிழ்ச் சொற்களை, "தா", "மம்மம்", எதுவானாலும், இன்றிலிருந்தே ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.