அப்பாவுக்கு மகாதமனி வீக்கம், குடல் புற்று இரண்டும்: எது முதலில்?

கேள்வி:
அப்பாவுக்கு 71 வயது. மலத்தில் ரத்தம் போகிறதென்று சி.டி. எடுத்தோம். இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. கூடவே வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) 6.1 செ.மீ. வீங்கியிருக்கிறதாம். இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடிக்கக் கூடாதா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

பதில் 1:
ரத்தநாள வார்டில் நர்ஸாக இருக்கிறேன் தங்கச்சி. ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டினாலே வெடித்துவிடும் என்ற பயத்தில் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். வயிற்றைத் திறந்து இரண்டையும் சேர்த்துச் செய்ய டாக்டர்கள் தயங்குவது குடல் கிருமிகளால்தான். அவை வீங்கிய தமனிக்குப் பதிலாகத் தைக்கும் செயற்கைக் குழாயில் தொற்றிவிட்டால் மருந்தால் மட்டும் போக்குவது ரொம்பக் கஷ்டம். அதனால் தமனியின் அமைப்பு ஒத்துவந்தால் தொடைத் தமனி வழியாக உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலை தாங்கிய துணிக்குழாய்) வைப்பார்கள். 1990இல் பியூனஸ் ஐரிஸில் டாக்டர் பரோடி செய்துகாட்டிய முறை. வயிற்றைக் கிழிக்காததால் சில வாரங்களிலேயே குடல் ஆபரேஷனுக்குப் போகலாம். ஆனால் குடல் அடைத்துக்கொண்டாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ குடல்தான் முதலில்.

பதில் 2:
ஸ்டென்ட் வைத்தால் கீழ் மெசென்டரிக் தமனியின் வாய் மூடிப்போகும். இடப்பக்கக் குடலுக்கு ரத்தம் கொண்டுபோவது அதுதான். மிச்சக் குடலுக்கு ரத்தம் எப்படிப் போகும் என்று இரண்டு சர்ஜன்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள். எங்கள் மாமாவுக்கு அப்படிக் கேட்ட பிறகுதான் தெளிவு வந்தது.

பதில் 1:
சரியான கேள்வி. திடீரென்று முதுகோ வயிறோ கடுமையாக வலித்தால், தலைசுற்றினால், காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடும்மா.

கேட்டவர்:
அடைப்பு இல்லை அக்கா. தமனியின் பெயரை எழுதிக்கொண்டேன், நாளைக்கே கேட்கிறேன்.