சபையில் நம்ம ஊர்ப் பேச்சு வந்தால்: எல்லையோர அனுபவங்கள்

வேலந்தாவளத்துக்காரன்:

நம்ம எல்லைப் பக்கத்துச் சமாச்சாரத்தை எம்.எல்.ஏ.வோ எம்.பி.யோ எழுந்து கேட்டு, அமைச்சர் பதில் சொல்லி, அதை நேரிலோ டிவியிலோ பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். பதில் வந்த பிறகு ஊரில் ஏதாவது நடந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். கட்சிச் சண்டை வேண்டாம். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா. வீட்டில் பேச்சு தமிழ், பத்திரம் மலையாளம், வயலுக்குத் தண்ணீர் ஆழியாற்றிலிருந்து. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். கையெழுத்தானது 1970-ல், 1958-லிருந்தே அமலில் இருப்பதாகக் கணக்கு. 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்த மறுபரிசீலனைப் பேச்சைக் கேட்டுக்கேட்டே எங்கள் அப்பா தலைமுறை போய்ச் சேர்ந்துவிட்டது.

பாடசேகர சமிதி (நெல் விவசாயிகள் சங்கம்) ஆட்களோடு ஒருமுறை திருவனந்தபுரம் போனேன். எம்.எல்.ஏ. ஆபீஸ் மூலமாகப் பாஸ். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 9 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கியது. ராத்திரிச் செய்தியில் நாம் பார்க்கும் கூச்சலும் வெளிநடப்பும் பெரும்பாலும் அதற்கு அப்புறம், அடியந்திர பிரமேயம், அதாவது ஒத்திவைப்புத் தீர்மானம், வரும்போதுதான். முதல் ஒரு மணி நேரம் ரொம்பச் சாது. அமைச்சர் தாளை எடுத்து ஏ, பி, சி என்று உட்பிரிவு வாரியாக வாசித்தார். ஒப்பந்தப்படி இவ்வளவு, வந்தது இவ்வளவு, ரெண்டு மாநிலக் கூட்டு வாரியத்தில் பேசி வருகிறோம். பக்கத்தில் இருந்த பெரியவர் கொட்டாவி விட்டார். எங்களுக்கே தெரிந்த கணக்குதானே.

அப்புறம் துணைக் கேள்வி. கேட்டவர் விவசாயம் தெரிந்தவர். "வருஷக் கணக்கு இருக்கட்டும், ரெண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டிய மாதங்களில் எவ்வளவு வந்தது?" என்றார். அமைச்சர் ஒரு நொடி நின்று, அதிகாரிகள் உட்காரும் பக்கம் திரும்பினார். அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி வந்தது. படித்துப் பார்த்துவிட்டு, மாதவாரிக் கணக்கை மேசையில் வைப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். நான் போனதற்குக் கிடைத்தது அந்த ஒரு சீட்டுதான்.

மாதவாரிக் கணக்கு பின்னால் வந்தது. அதையும் தமிழ்நாட்டு நீர்வளத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முன்பெல்லாம் பாசன ஆபீசுக்குப் போனால் "தண்ணி பத்தலைங்க" என்போம், அவர்கள் "மேலிருந்து வரலை" என்பார்கள். இப்போது மாதத்தைச் சொல்லிப் பேசுகிறோம். தண்ணீர் கூடுதலாக வந்துவிடவில்லை. மழுப்புவது குறைந்திருக்கிறது.

லயத்துப் பொண்ணு (மூணாறு):

அண்ணா, உங்களுக்குச் சீட்டாவது வந்தது. எங்களுக்கு முதலில் கிடைத்தது, "விவரம் சேகரித்து வருகிறது."

2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் ஒன்றுசேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தபோது எங்கம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அப்போது நாள்கூலி 232 ரூபாய். அதற்கப்புறம் தோட்டத் தொழிலாளர் என்ற பேச்சு சபையில் அடிக்கடி வந்தது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் நிலச்சரிவில் லயங்கள் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) மண்ணோடு போய் 70 பேர் இறந்த பிறகு இன்னும் அதிகமாக வந்தது. எல்லாரும் எழுந்து வருத்தம் தெரிவித்தார்கள். எங்கள் லயத்தில் ஷீட் ஒழுகியபடியே இருந்தது.

நான் தமிழில் ஒரு மனு போட்டேன். 1969-ம் வருஷ ஆட்சிமொழிச் சட்டத்தின்படி கேரளத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். எனக்கு வந்தது மலையாளத்தில் ஒரு வரி: மேல்நடவடிக்கைக்கு அனுப்பியிருக்கிறோம். எந்த மேல், என்ன நடவடிக்கை என்று கிடையாது.

யூனியன் ஆபீசில் ஒரு அக்கா சொன்னார், மனுவை விடு, நட்சத்திரம் இல்லாத கேள்வியாக, அதாவது எழுத்தில் பதில் வருகிற கேள்வியாகப் போடச் சொல்லு என்று. லயங்கள் மொத்தம் எத்தனை, வாழத் தகுதியில்லாதவை எத்தனை, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள் என்று எஸ்டேட் வாரியாகக் கேட்டு ஒரு உறுப்பினர் கொடுத்தார். பதிலில் இடப்பக்கம் எங்கள் கேள்வி நீளமாக, வலப்பக்கம் "விவரம் சேகரித்து வருகிறது" என்ற ஒரே வரி. அம்மா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு அலைச்சல்" என்றார்.

அந்த அக்கா விடவில்லை. அடுத்த கூட்டத்தொடரில், முந்தைய கேள்வியின் எண்ணையும் தேதியையும் போட்டு, சேகரித்து முடித்தாயிற்றா, இல்லையென்றால் ஏன் என்று மறுபடி கேட்க வைத்தார். அப்போது வந்தது அட்டவணை. அதில் எங்கள் எஸ்டேட் பெயருக்கு நேரே பரிசோதனைத் தேதி இருக்க வேண்டிய கட்டம் காலி. கொஞ்ச நாளில் பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர் டேப்போடு வந்து அளந்துவிட்டுப் போனார். ஷீட் மாற்றியாயிற்று. கக்கூஸ் அப்படியேதான் இருக்கிறது, அதற்குத் தனிக் கேள்வி வேண்டும்போல.

புளியரை டீக்கடை:

தங்கச்சி சொல்வது சரி. அந்தக் காலிக் கட்டம்தான் அதிகாரியை எழுப்பியிருக்கும்.

எங்கள் பக்கம் தமிழ்நாட்டுச் சபைதான். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள், கடையில் போட்டுவிடுவேன். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்... அரசு ஆவன செய்ய முன்வருமா?" "நிதிநிலைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்." இந்த ரெண்டையும் எங்கள் கடைக்கு வரும் லோடுமேன்கள் அமைச்சருக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். பாதி நேரம் கேள்வியே தலைவர் புகழ்ச்சியில் தொடங்கி, எங்கள் ஊருக்குக் கலைக்கல்லூரி வேண்டும் என்று முடியும்.

ஆனாலும் ஒன்று பார்த்தேன். அமைச்சர் சபையில் "செய்து தரப்படும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது உறுதிமொழி என்று ஏட்டில் ஏறிவிடுகிறது. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் மாவட்டம் மாவட்டமாகப் போய், சொன்னது நடந்ததா என்று பார்ப்பார்கள். எங்கள் பக்கம் ஒரு சின்னப் பாலம் அப்படித்தான் ஏட்டில் ஏறிக் கிடந்தது. குழு வருகிறது என்றதும் அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் ஜல்லி இறக்கினார்கள். குழு வந்த அன்று கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பு காயவில்லை, தலைவர் கைவைத்து வெள்ளையாக்கிக்கொண்டார். ஆனால் பாலம் வந்துவிட்டதே.

கம்பம்மெட்டு வழிப்போக்கன்:

நீங்கள் சொல்வதெல்லாம் ஒரே மாநிலத்துக்குள் அடங்கும் விஷயம். எல்லையைத் தாண்டுகிற விஷயத்துக்கு யாரிடம் கேட்பது?

அரிக்கொம்பன் யானையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியார் காட்டில் விட்டார்கள். மே 27 காலையில் எங்கள் கம்பம் தெருவில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனது. ஒரே யானை, ரெண்டு வனத்துறை, ரெண்டு அமைச்சர். இங்கே கேட்டால் அது கேரளம் விட்ட யானை. அங்கே கேட்டால் அது இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. மாநில அமைச்சர் தன் அரசின் பொறுப்பில் உள்ளதற்குத்தான் பதில் சொல்ல முடியும், அது விதி. சரி, டெல்லியில் கேட்டால்? மனித-வனவிலங்கு மோதலைக் கையாள்வது முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு. மூன்று சபை, மூன்று கைவிரிப்பு.

சித்தப்பா மகனுடைய ஏலத்தோட்டம் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். யானை மிதித்த நஷ்டத்துக்கு அங்கே மனு கொடுத்தால் ரேஷன் கார்டு தமிழ்நாடு என்கிறார்கள். இதை எந்த அமைச்சரிடம், எந்த உட்பிரிவில் கேட்பீர்கள்?

பாறசாலை ரிட்டயர்டு:

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அரசு ஆபீசில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தயாரித்தே தலை நரைத்தவன் நான், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்லும் நட்சத்திரக் கேள்விக்குத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள், டிவியில் வருமே என்று. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்வி, குலுக்கலில் வரிசை. வாய்மொழியாகப் பதில் வருவது முதல் ஐந்தாறுக்குத்தான், அமளி என்றால் அதுவும் இல்லை. எழுத்துமூலப் பதில் ஒரு நாளைக்கு 230 கேள்விக்கு வரும், அமளியிலும் வரும். 2020 செப்டம்பரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், அப்போதும் எழுத்துமூலப் பதில் நிற்கவில்லை. ஆபீசில் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியதும் அதுதான். தப்பான எண்ணைக் கொடுத்து அமைச்சர் சபையில் மாட்டிக்கொண்டால் ஃபைலில் கையெழுத்துப் போட்டவன் தொலைந்தான். மனு வந்தால் ட்ரேயில் கிடக்கும். சபைக் கேள்வி வந்தால் சாயந்திரம் பஸ்ஸை விட்டுவிட்டு உட்காருவோம்.

வாய்மொழிக் கேள்விக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. 1957-ல் எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளுக்குப் போனது சபைக் கேள்விகளிலிருந்துதான் வெளியே வந்தது. ஃபெரோஸ் காந்தி, ஆளுங்கட்சியில் இருந்துகொண்டே, பிரதமரின் மருமகனாக இருந்துகொண்டே பிடித்த பிடியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அதே கேள்வி 2005-ல் விலைக்கும் போனது. காசு வாங்கிக்கொண்டு கேட்டதாக 11 எம்.பி.க்களை வெளியேற்றினார்கள். காசு கொடுக்கிற அளவுக்கு அதில் சரக்கு இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கம்பம்மெட்டுத் தம்பிக்கு: "யானைக்கு யார் பொறுப்பு" என்று கேட்டால் மூன்று சபையும் கைவிரிக்கத்தான் செய்யும். வேலந்தாவளத்தார் செய்த மாதிரி, ரெண்டு பக்கமும் அவரவர் பொறுப்பில் உள்ளதை மட்டும் கேட்க வைக்க வேண்டும். கேரளத்தில்: பயிர்நஷ்ட இழப்பீட்டுக்கு நிலம் கேரளத்தில் இருந்தால் போதுமா, வேறு மாநிலக் குடும்ப அட்டைக்காரர் மனுக்கள் எத்தனை தள்ளுபடி, எந்த விதிப்படி? விதி இல்லையென்றால் பதில் எழுதுகிற கிளார்க்குக்கே தெரிந்துவிடும்.

நகரித் தறி:

எங்கள் ஆந்திரா கதையையும் கேட்டுவிடுங்கள். நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் பக்கம் தமிழ் பேசும் விசைத்தறிக் குடும்பங்கள் நிறைய. எங்களுக்குக் கரண்ட் கட்டணம்தான் உயிர்ப்பிரச்சினை. கேட்பதற்கு ஆள் வேண்டுமே. 2021 நவம்பரில் சந்திரபாபு இனி முதல்வராகத்தான் இந்தச் சபைக்குள் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். 2024-ல் அதேபோல வந்தார். இப்போது ஜெகன் கட்சிக்கு 175-ல் 11 இடம். எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்து இல்லையென்று அவர்கள் சபைக்குப் போவதில்லை. ஆளுங்கட்சி ஆளே எழுந்து கேட்கிறார், ஆளுங்கட்சி அமைச்சரே பதில் சொல்கிறார். மாமியார் வீட்டுப் பந்தி மாதிரி எல்லாம் மரியாதையாக நடக்கிறது.

ஆனால் பாறசாலை சார் சொன்ன பிறகு ஒன்று தோன்றுகிறது. ஃபெரோஸ் காந்தியும் ஆளுங்கட்சிதானே. எங்கள் ஊர்ச் சங்கத்தில் இதைப் பேசிப் பார்க்கிறேன்.

புளியரை டீக்கடை:

வேலந்தாவளத்து அண்ணாச்சி, ஒரு உதவி. ராத்திரி எங்கள் கடை வழியாக அந்தப் பக்கம் போவது எம்-சாண்டும் ஜல்லியும், இந்தப் பக்கம் வருவது குப்பை. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூரில் கேரள ஆஸ்பத்திரிக் கழிவு கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் சொல்லித்தான் கேரள அரசு வந்து அள்ளிக்கொண்டு போனது. ரெண்டு சபையிலும் ஒரே கூட்டத்தொடர்க் காலத்தில் கேட்க வைக்க வேண்டும். எழுதித் தருவீர்களா?

வேலந்தாவளத்துக்காரன்:

கேரளத்துக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்.

(ஏ) மருத்துவக் கழிவை எடுத்துச் செல்ல அனுமதி பெற்ற நிறுவனங்கள் எவை. அவற்றின் வண்டிகள் எத்தனை?
(பி) ஆரியங்காவு வழியாகச் சென்ற அத்தகைய வண்டிகளின் மாதவாரி எண்ணிக்கை என்ன?
(சி) விதி மீறியவர்கள் மீது எடுத்த நடவடிக்கை என்ன, ரத்தான உரிமங்கள் எத்தனை?

தமிழ்நாட்டுக்கு, புளியரையில் திருப்பி அனுப்பிய வண்டிகள், பதிவான வழக்குகள், வசூலான அபராதம், மாதவாரி. ரெண்டு பக்கத்து மாதவாரிக் கணக்கும் ஒத்துப் போகிறதா என்று நாம் பார்த்துக்கொள்வோம். லயத்து அம்மணி, கக்கூஸ் கேள்வியையும் எழுதி அனுப்புங்கள், சேர்த்தே பார்த்துவிடலாம். பாறசாலை சார், திருத்தம் உண்டா?

பாறசாலை ரிட்டயர்டு:

(சி)-யை ரெண்டாக உடையுங்கள். "நடவடிக்கை என்ன" என்று சேர்த்துக் கேட்டால் "விதிப்படி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானே எத்தனையோ தடவை முடித்திருக்கிறேன். உரிமம் ரத்து தனி உட்பிரிவாக இருக்கட்டும், ரத்தான தேதியோடு. (பி)-யில் "மாதவாரி"க்குப் பக்கத்தில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுதுங்கள், இல்லையென்றால் சேகரித்துக்கொண்டே இருப்பார்கள்.